குளிர்காலத்தில் மூடும் கிராமம்

பயணக் கட்டுரை என்ற வகையின் மேலேயே எனக்கு அவநம்பிக்கை உண்டு. தமிழில் அது பெரும்பாலும், போனவன் போய்வந்ததற்குக் காட்டும் ரசீது. ஏ. கே. செட்டியார் போல ஓரிருவரை விட்டுவிட்டால், மற்றவர்கள் கோபுரத்தின் உயரத்தையும் காப்பியின் விலையையும் குறித்துக்கொண்டு திரும்பியவர்கள். டெல்ஃப்டில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவன் ஐரோப்பாவைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று நண்பர்கள் கேட்டபோதெல்லாம் இந்த அபிப்பிராயத்தைச் சொல்லித் தப்பித்துவந்தேன். அது பாதிப் பொய். போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால், நைனா போனில் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

"அந்த ஊர்ல மொகத்துவாரம் அடைஞ்சு போகாம எப்பிடிடா வச்சிக்கிறாங்க? லீவுல பாத்துட்டு வந்து சொல்லு."

கூடப் படித்தவர்கள் பாரீஸ், பிராக், ரோம் என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் வேலை கொடுத்து அனுப்பியது போல ஆயிற்று.

பழவேற்காடு ஏரி என்று பூகோளப் புத்தகம் சொல்வது உண்மையில் ஒரு காயல். மழைக்காலத்தில் சுமார் 450 சதுர கிலோமீட்டர் விரியும். பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான். நடுஏரியில் படகிலிருந்து விழுந்தவன் எழுந்து நின்று பீடி பற்ற வைக்கலாம் என்று எங்கள் ஊரில் கேலி. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியும் நல்ல தண்ணீர் கொண்டுவருகின்றன. உப்புத் தண்ணீர் முகத்துவாரம் வழியாக வர வேண்டும். கோடையில் ஆறு வற்றி, ஏரியிலிருந்து வெளியே பாயும் நீரின் வேகம் செத்துப்போனால், கரையோரமாக நகரும் மணல் வாயை மூடிவிடும். மூடினால் இறால் குஞ்சு உள்ளே வராது. உள்ளே நின்ற தண்ணீர் காய்ந்து கரிக்கும். கடலுக்குப் போகும் படகும் மணலில் நிற்கும். ஊர் கூடி மண்வெட்டியோடு போய் வாயை வெட்டிவிட்ட வருஷங்கள் உண்டு. பிறகு ஜேசிபி வந்தது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபிறகு மணல் தன் பழைய கணக்குப்படி நகர்வதில்லை. இதை நான் சமன்பாடுகளாகப் படிக்க வேண்டியிருந்தது. நைனாவுக்குக் காலில் தெரியும்.

நான் ஹாலந்துக்குப் போகிறேன் என்றபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒல்லாந்தரை எங்களுக்கு நானூறு வருஷப் பழக்கம். 1613-இல் அவர்கள் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று மேடும் புதரும். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கும். சின்ன வயதில் அவற்றின் விலா எலும்பை விரலால் எண்ணி விளையாடியிருக்கிறோம். உள்ளே படுத்திருப்பவர்களின் பெயர்கள் ஆழமாகவும் அழகாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் செத்துப்போன ஒருவனின் பெயர் இன்றைக்குத் தெரிய வேண்டுமென்றால் அவன் ஒல்லாந்தனாக இருந்திருக்க வேண்டும்.

2022 டிசம்பர் 19, திங்கட்கிழமை. முந்தின நாள் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். வகுப்பில் எல்லோரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று தி ஹேக் நகரில், தேசிய ஆவணக் காப்பகத்தில், அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே, அடிமை வாணிபத்துக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அட்லாண்டிக் கடலைப் பற்றியே அதிகம் பேசினாலும் ஆசியாவையும் குறிப்பிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரத்துக்கு உட்பட்ட பகுதிகளில் 6,60,000 பேரிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரை விற்கப்பட்டார்கள், சரியான எண்ணிக்கைகூட நமக்குத் தெரியாது என்றார். இரவு அறையில் அந்த உரையின் ஆங்கில வடிவத்தை எடுத்து எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினேன். இல்லை.

வேறு இடத்தில் இருந்தது. 1622-23-இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து கம்பெனிக் கப்பல்கள் 1,900 அடிமைகளை ஏற்றிச் சென்றதாக வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் எழுதியிருக்கிறார். கையில் பணம் மட்டும் இருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் அங்கலாய்த்திருக்கிறார்கள். நாயக்கர் சீமைகளில் போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் இந்த எண்ணிக்கை ஏறும். 1646-இல் 2,118 பேர். 1659-61-இல் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை. பஞ்சத்தில் அரிசி விலை ஏறும், ஆள் விலை இறங்கும். துணியும் வெடிமருந்தும் ஏற்றுமதியான துறை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். மூன்றாவது சரக்கைப் பற்றி வாத்தியார் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்படியாக விடுமுறைக்கு எனக்கு இரண்டு காரியங்கள் சேர்ந்துவிட்டன. ஒன்று நைனா கொடுத்தது. இன்னொன்று நானே சுமந்துகொண்டது.

முதலில் கௌடா. வெண்ணெய்க்கட்டிக்குப் பெயர் போன ஊர். நான் போனது ஆபிரகாம் ரொகேரியுஸுக்காக. பழவேற்காட்டில் பத்து வருஷம் பாதிரியாக இருந்து 1642-இல் கிளம்பி, கடைசியில் 1649-இல் கௌடாவில் செத்துப்போனவர். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு அவர் எழுதிய புத்தகம் அவர் இறந்தபின் 1651-இல் லைடனில் அச்சாயிற்று. மறைந்துகிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்று அதன் தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். பர்த்ருஹரி முதன்முதலாக ஐரோப்பிய மொழிக்குப் போனது இதன் வழியாகத்தான். நம் இலக்கிய வட்டத்தில் இந்த விஷயத்தை யாராவது சொன்னால் உடனே ஒரு பரவசம் வரும், பழவேற்காட்டிலிருந்து பர்த்ருஹரி! எனக்கும் வந்ததுண்டு. செயின்ட் ஜான் தேவாலயத்தின் பிரசித்தி பெற்ற வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தபோது அது வரவில்லை. ஒரே கோட்டை. அவர் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் அதே கரையில் ஆள் ஏற்றியிருக்கிறார்கள். பத்மநாபனின் பெயர் நமக்குக் கிடைத்தது, அவர் சொல்வதற்கு விஷயம் வைத்திருந்த ஜாதியில் பிறந்ததால். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரில் ஒருவருக்கும் அந்த வசதி இல்லை.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கம்பெனியின் தலைமையகம் இன்று பல்கலைக்கழகக் கட்டிடம். முற்றத்தில் சைக்கிள்கள் நிறுத்தியிருந்தார்கள்.

ஹூர்ன் சிறிய ஊர். நடுச்சதுக்கத்துக்குச் சிவப்புக் கல் என்று பெயர்; அந்தக் காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றிய இடம். அதில் யான் பீட்டர்ஸூன் கூன் 1893-லிருந்து வெண்கலத்தில் நிற்கிறார். 1619-இல் படேவியாவை ஸ்தாபித்தவர். 1621-இல் ஜாதிக்காய்க்காக பாண்டாத் தீவுகளின் ஜனத்தொகையை அநேகமாகத் துடைத்தெடுத்தவர். வேலைக்கு ஆள் இல்லாத புது ஊர்களுக்கு எங்கிருந்தாவது ஆள் வர வேண்டும் அல்லவா? 2011-இல் ஒரு கிரேன் இடித்துச் சிலை கீழே விழுந்ததாம். திரும்ப நிறுத்திவிட்டார்கள். இப்போது பீடத்தில், இந்த மனிதரைப் பற்றி மாற்று அபிப்பிராயம் உண்டு என்ற ரீதியில் ஒரு பலகை இருக்கிறது.

அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன். கோபப்பட வேண்டிய இடம் என்றுதான் வந்திருந்தேன். கோபம் வந்தது, ஆனால் சிலையிலேயே நிற்கவில்லை. பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. சோழமண்டலக் கரை முழுவதிலும் அப்படித்தான். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தைத்த பலகைப் படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மசூலாப் படகு என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்தது அதைத்தான். அந்த அலையில் படகு தள்ளும் வித்தை ஒல்லாந்தனுக்குத் தெரியாது. அரசனுக்குத் தெரியாது, ஆள் பிடித்து விற்ற தரகனுக்கும் தெரியாது. கரையில் ஒரு ஜனத்துக்குத்தான் தெரியும்.

ரொட்டி தொண்டையில் நின்றது என்று எழுதினால் கதை. முழுவதையும் தின்றுவிட்டு அடுத்த ரயிலுக்குப் போனேன்.

எங்கௌசன்தான் நைனாவின் கேள்விக்கு உரிய ஊர் என்று நினைத்திருந்தேன். ஸூதர்ஸே என்று அங்கே ஒரு கடல் இருந்தது. நிலத்துக்குள் புகுந்த பெரிய வளைகுடா. சுற்றிலும் மீனவ ஊர்கள். ஹெர்ரிங், நெத்திலி, விலாங்கு. 1932 மே 28-இல் 32 கிலோமீட்டர் அணை ஒன்றைக் கட்டி அதன் வாயை அடைத்தார்கள். எங்கள் ஊரில் மணல் கோடைதோறும் செய்ய முயலும் காரியத்தை அவர்கள் திட்டம் போட்டு, பட்ஜெட் போட்டு, நிரந்தரமாகச் செய்தார்கள். கடல் ஏரியாயிற்று, உப்பு போயிற்று, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின. மீனவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க 1925-லேயே சட்டம் இயற்றிவிட்டார்கள். வாயை அடைப்பதற்கு ஏழு வருஷம் முன்பே இழப்பீட்டுச் சட்டம்! அதைப் படித்தபோது முதலில் பொறாமையாக இருந்தது. பிறகு, நாள் குறித்துவிட்டு ஒருவனுக்குச் சவப்பெட்டி அளவெடுப்பது போலவும் இருந்தது.

அந்தக் கடலுக்கு இப்போது ஒரு மியூஸியம் இருக்கிறது. உள் மியூஸியம் இருக்கும் கட்டிடத்தின் பெயர் மிளகு வீடு. கம்பெனியின் கிடங்காக இருந்த இடம். மிளகு இருந்த இடத்தில் இன்று மரப் படகுகள் தண்ணீரில்லாமல் நிற்கின்றன. வலை பின்னும் ஊசி கண்ணாடிக்குள் இருந்தது. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் செருகியிருக்கும் ஊசிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை; அங்கே அதற்கு எண் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு மீனவப் பெண்ணின் உடுப்பு. மார்த்துணி பூப்போட்ட பருத்தி. சிட்ஸ் என்று எழுதியிருந்தது. நம் சீட்டித்துணிதான். இந்தியக் கரையிலிருந்து போன துணியை அந்த ஊர் மீனவப் பெண்கள் விசேஷ நாளில் உடுத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்து ஏன் சந்தோஷப்பட்டேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

வெளி மியூஸியம் என்பது ஒரு முழு கிராமம். அடைபட்ட கடலைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டு 1983-இல் திறந்தார்கள். மீன் புகைபோடும் கொட்டகை, சலவை வீடு, தேவாலயம், எல்லாம் உண்டு. அதைப் பார்க்கத்தான் முக்கியமாகப் போனேன். மூடியிருந்தது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்களாம், வசந்தத்தில் வா என்றார் டிக்கெட் கொடுத்த பெண்மணி. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூரைகள் தெரிந்தன. புகைக்கூண்டுகளில் புகை இல்லை. மீனவ கிராமத்துக்கு விடுமுறை என்று ஒரு சம்பளப் பட்டியல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். நான்கு மணிக்கே இருட்ட ஆரம்பித்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எங்கள் ஊரைக் கழற்றி எண் போட்டு நட்டால் எதையெல்லாம் எடுப்பார்கள் என்று யோசனை போயிற்று. கோட்டைமேட்டை எடுப்பார்கள். எலும்புக்கூட்டு வாசலை நிச்சயம் எடுப்பார்கள். நைனாவின் தகரக் கொட்டகை தேறாது.

நியாயத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே நாட்டில் தெற்கே கிழக்கு ஸ்கெல்ட் என்ற கழிமுகத்தை, 1953 வெள்ளத்தில் 1,836 பேர் செத்தபின், இதே போல அடைக்கத் தீர்மானித்தார்கள். பாதி வேலை நடந்தபிறகு சிப்பி எடுப்பவர்களும் மீனவர்களும் சூழலியல்காரர்களும் எதிர்த்துக் கிளம்பினார்கள். எழுபதுகளின் நடுவில் அரசு இறங்கிவந்தது. புயலில் மட்டும் மூடி, மற்ற நாளெல்லாம் கடலை உள்ளே விடும் 62 இரும்புக் கதவுகள் அங்கே 1986-லிருந்து நிற்கின்றன. வகுப்பில் அழைத்துப் போயிருந்தார்கள். ஆசிரியர் கதவுகளின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் அடியில் பாயும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நான்கு நாள் வெனிஸ். மலிவு விமானம், அதைவிட மலிவான படுக்கை. வெனிஸைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆகவே காயலை மட்டும் சொல்கிறேன். சுமார் 550 சதுர கிலோமீட்டர். ஆழம் ஏறக்குறைய நம்முடையதுதான். மூன்று வாய்கள், பழவேற்காட்டுக்கும் ஆந்திரத்து ராயதொருவு, தூப்பிலிபாளையம் சேர்த்தால் மூன்று. படகில் போகும்போது தண்ணீரில் மும்மூன்றாகக் கட்டிய கழிகள் தெரிந்தன. சுத்துவலைக் கழி என்றே கண் எடுத்துக்கொண்டது. யாருடைய பாடு இது என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். படகுகளுக்கு வழி காட்டும் அடையாளக் கழிகள் அவை.

அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த பயமும் நைனாவின் பயம்தான்: காயல் தூர்ந்துவிடும். 1501-லேயே தண்ணீருக்கென்று ஒரு நிரந்தர அதிகார சபை வைத்தார்கள். வண்டல் கொண்டுவரும் ஆறுகளையே வெட்டித் திருப்பிக் காயலுக்கு வெளியே விட்டார்கள்; நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வேலை அது. இப்போது பயம் தலைகீழாகிவிட்டது. கடல் ஏறி வருகிறது. மூன்று வாய்களிலும் 78 கதவுகளைக் கடலடியில் படுக்க வைத்திருக்கிறார்கள். ஏறி வந்த கடலைத் தடுக்க 2020 அக்டோபரில் முதல் தடவை எழுப்பினார்கள். செலவு ஐந்நூறு கோடி யூரோவுக்கு மேல். தெற்கு மூலையில் கியோஜா என்ற மீன்பிடி ஊருக்குப் போய், படகுத் துறையிலிருந்து நைனாவுக்கு வீடியோ கால் போட்டேன். பின்னால் நின்ற படகுகளை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். "எறா வருதா அங்க?" என்றார். வருகிறது என்றேன். "மொகத்துவாரம்?" மூன்று இருக்கிறது, திறந்தே இருக்கிறது, அவர்கள் மூடுவதற்குத்தான் செலவு செய்கிறார்கள் என்றேன். போன் கெட்டுவிட்டது என்று நினைத்தோ என்னவோ, "இன்னாது?" என்று மூன்று தடவை கேட்டார்.

ஊர் திரும்பி முதல் வாரம் ஏரிக்கு அழைத்துப் போனார். அன்று எங்கள் முறை. பாடு என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். ஏரியில் நல்ல இறால் ஓடும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. எங்கள் ஊர் இவற்றில் ஒன்று; எது என்று சொன்னால் நைனாவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பங்காளிகளுக்குள் பாடு மிக நியாயமானது. சமூகவியல்காரர்கள் இதைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். வெளியே நிற்பவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். ராக்கெட் தளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பெயர்க்கப்பட்டு இந்தப் பக்கம் வந்த குப்பத்துக்காரர்களுக்குப் பாட்டில் இடமில்லை. இருளருக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

கழி ஊன்றும்போது கேட்டேன். கம்பெனிக்காரன் இங்கிருந்து ஆளை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினான் என்று சொல்லி, கரையிலிருந்து கப்பலுக்கு அவர்களைத் தள்ளிக்கொண்டுபோனது நம்ம ஆட்களாக இருக்குமா என்று கேட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்து வார்த்தையைப் பொறுக்கி வைத்திருந்தேன்.

"பின்ன? இந்த அலையில வேற எவனால தள்ள முடியும்?"

குரலில் இருந்தது பெருமை. அதைக் கேட்டு எனக்குச் சில்லிட்டது. கொஞ்ச தூரம் போனபின் தானாகவே, "கூலி எம்மாம் குடுத்தானாம்?" என்றார். தெரியாது என்றேன். அது எங்காவது எழுதியிருக்கக்கூடும். கம்பெனி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியது. தேடலாம். தி ஹேக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டிடம்தான்.

பிறகு முகத்துவாரத்தைக் காட்டினார். அந்த வருஷம் திறந்திருந்தது, குறுகலாக. இரண்டு பக்கமும் கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டினால் நிற்குமா என்றார். கல் போடும் இடத்துக்கு வடக்கே கரை அரிக்கும், யாருடைய குப்பம் அங்கே இருக்கிறதோ அவர்கள் வீடு போகும் என்றேன். "நம்மது இல்ல" என்றார். ஐந்நூறு கோடி யூரோவையும் மிளகு வீட்டையும் 62 கதவுகளையும் நான் சொல்லவில்லை. வேறு நாள் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

திரும்பும் வழியில், இடுப்பளவு தண்ணீரில் இருளப் பெண்கள் ஆறேழு பேர் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்திருந்ததால் யாரும் பேசவில்லை. எங்கள் படகு வருவதைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் விலகி நின்றார்கள். நைனா கழியை எடுக்கவில்லை. படகு அதே வேகத்தில் போயிற்று. அதன் அலை அவர்கள் முகத்தில் அடித்தது. நான் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.